வாயிலில் நின்ற பறை

ஒரு நாட்டு மக்களின் உள்ளத்தை அறிய விரும்புவோர் அந்நாட்டுச் சட்ட நூல்களைப் புரட்டுவர். வரலாற்று ஏடுகளை ஆராய்வர். அவற்றோடு, அம்மக்கள் கூடிப் பாடும் பாடல் யாது, அதனைப் பாடுவோர் யாவர், அவர்க்கு நிற்க அளிக்கப்படும் இடம் எது என்னும் மூன்றனையும் நோக்குவாராயின், அறிய வேண்டுவனவற்றுட் பெரும்பகுதி விளங்கிவிடும். இவ்வுண்மையை யான் நூலிற் கற்றிலேன்; நம் கல்லூரி நாள் விழாவிலே கற்றேன்; அதுவும் நாணத்தோடு கற்றேன்.

நிகழ்ந்தது இது. விழாவின் கலைநிகழ்ச்சிகளைத் தேர்ந்தெடுக்கும் பொருட்டு ஆசிரியர் சிலரும் மாணவர் சிலரும் அடங்கிய குழுவொன்று அமைக்கப்பட்டது. யானும் அதன்கண் ஒருவனாய் இருந்தேன். மாணவர் எண்மர், பறையிசையும் அதனோடு கானாப் பாட்டொன்றும் நிகழ்த்த விரும்பி விண்ணப்பம் செய்திருந்தனர். தேர்வு நாளன்று அவர்கள் மண்டபத்தின் பின்புறத்தில் வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சிக்கொண்டிருந்தனர். புகை சன்னல் வழியே உள்ளே புகுந்தது. “இஃது அவைக்கு ஏலாது, இரைச்சல் மிகும், பாட்டிற் கொச்சைச் சொற்கள் வரும்” என்றார் குழுவினருள் ஒருவர். ஏனையோர் தலையசைத்தனர். யானும் வாய் திறந்திலேன். முடிவில், சிறப்பு விருந்தினர் வருங்கால் அம்மாணவர் வாயிலில் நின்று பறை முழக்கி வரவேற்கலாம் என்று சமாதானம் செய்யப்பட்டது. அவரும் அவ்வாறே முழக்கினர். விருந்தினர் பெரிதும் மகிழ்ந்து புன்முறுவலுடன் உள்ளே சென்றார். பறை வெளியே நின்றது. அன்று மாலை மேடையில் திரைப்படப் பாட்டொன்றிற்கு மாணவர் ஆடினர். ஒலிபெருக்கியினின்று எழுந்ததும் அதே பறையின் அடியே. மண்டபம் முழுதும் எழுந்து ஆர்ப்பரித்தது. முன் வரிசையில் வீற்றிருந்த யாங்களும் கைகொட்டினோம்.

மறுநாள் அவ்வெண்மருள் ஒருவர் என்னிடம் வந்து, “ஐயா, வாயிலில் அடித்தால் வரவேற்பு, பெட்டியிலிருந்து வந்தால் பாட்டு, நாங்கள் மேடையில் அடித்தால் மட்டும் இரைச்சலா?” என்று வினவினார். அவர் குரலிற் சினமில்லை; அதுவே என்னை மிகவும் வருத்தியது. அன்று அவ்வினாவிற்கு விடையிறுக்க என்னால் இயலவில்லை. காலந்தாழ்த்து எழுதும் இக்கட்டுரையே என் விடை.

பாட்டு இன்பத்தின் பொருட்டே அமைந்தது. அதன்கண் அரசியலையும் சாதியையும் தேடுதல் வீண் என்பார் ஒருசாரார். இன்பத்தின் பொருட்டு அமைந்ததே பாட்டு என்பதை யாமும் உடன்படுவோம். ஆயின், ஒருவர்க்கு இன்பமாய்த் தோன்றும் ஒலி பிறர்க்கு இரைச்சலாய்த் தோன்றுவது ஏன்? செவியின் அமைப்பு மக்கள் யாவர்க்கும் ஒன்றே. வேறுபடுவது செவிக்குப் பின்னின்று தீர்ப்பளிக்கும் பழக்கம். அப்பழக்கம் குடும்பத்தினின்றும், தெருவினின்றும், ஊரினின்றும் வருவது. நம் ஊரோ, தெருவைப் பிரித்து வைத்த ஊர். தெருவைப் பிரித்தவன் செவியைப் பிரியாது விடுவானோ?

இதற்குச் சான்று தேடித் தொலைவிற் செல்ல வேண்டுவதில்லை. ஒரு காலத்தில் தமிழ் மொழியே இசையவையின் வாயிலில் நின்றது. தஞ்சையில் வாழ்ந்த ஆபிரகாம் பண்டிதர் 1917-ஆம் ஆண்டில் ‘கருணாமிர்த சாகரம்’ என்னும் பெருநூலை வெளியிட்டு, தமிழர்க்குத் தொன்மையான இசையிலக்கணம் உண்டு என நிறுவ முற்பட்டார். அதற்கு முந்திய ஆண்டிற் பரோடாவில் நடந்த இசை மாநாட்டிலும் அவர் தம் கொள்கையை எடுத்துரைத்தார். அங்ஙனமாகவும், தமிழ்நாட்டுக் கச்சேரிகளில் தெலுங்கும் வடமொழியுமே பெரிதும் ஒலித்தன; தமிழ்ப் பாட்டு இறுதியிற் சிறு உருப்படியாக, ‘துக்கடா’ என்னும் பெயரால், வந்து போயிற்று. இந்நிலையை மாற்றக் கருதி, அண்ணாமலை அரசர் 1941-ஆம் ஆண்டிற் சிதம்பரத்தில் தமிழிசை மாநாடு கூட்டுவித்தார். 1943-ஆம் ஆண்டிற் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் நிறுவப்பட்டது. கல்கியும் இராசாசியும் அவ்வியக்கத்திற்குத் துணைநின்றனர்.

அக்காலத்து அதனை எதிர்த்தோர் கூறியவை யாவை? இசைக்கு மொழியில்லை என்றனர். தமிழிற் கனமான உருப்படிகள் இல்லை என்றனர். கலையில் அரசியலைப் புகுத்தலாகாது என்றனர். இவற்றுள் ஒன்றேனும் இன்று நிலைத்து நிற்கின்றதா? தமிழ்ப் பாட்டு அவையேறிய பின்னர் அவை தாழ்ந்துவிடவில்லை. ஆயின் ஒன்று நினைவிற் கொள்ளற்பாலது. அவ்வியக்கம் தமிழ் மொழிக்குக் கதவைத் திறந்தது. தமிழர் எல்லார்க்கும் திறந்ததென்று கூறுதற்கில்லை. மேடையேறிய தமிழ், இராகமும் தாளமும் கற்று வந்த தமிழ். வயலிற் பாடிய தமிழும், இழவு வீட்டிற் புலம்பிய தமிழும், பறையோடு ஆடிய தமிழும் அன்றும் வெளியிலேயே நின்றன. கதவைத் தட்டித் திறப்பித்து உள்ளே சென்றவர், தமக்குப் பின் அதனைச் சாத்திவிடுதல் உலகில் வழக்கமாக நிகழ்வதே.

இனிப் பறையைப் பற்றிச் சிறிது ஆராய்வோம். தொல்காப்பியர் ஒவ்வொரு நிலத்திற்கும் உரிய கருப்பொருள்களைக் கூறுமிடத்துத் தெய்வம், உணவு, மரம், பறவை முதலியவற்றோடு பறையையும் சேர்த்துக் கூறினார். குறிஞ்சிக்குத் தொண்டகம், முல்லைக்கு ஏறுகோட்பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை, பாலைக்குத் துடி என இலக்கண நூலார் வகுத்துரைப்பர். எனவே, பறையில்லாத நிலம் தமிழர்க்கு இருந்ததில்லை. பறைதல் என்னும் சொற்குச் சொல்லுதல் என்னும் பொருளும் உண்டு. செய்தி சொல்லவும், போர்க்கு அழைக்கவும், உழவரை ஊக்கவும் முழங்கிய கருவி அது. மரவளையத்தில் மாட்டுத் தோலை இழுத்துக் கட்டி, தீயிற் காய்ச்சி, ஒரு கையில் நீண்ட மெல்லிய குச்சியும் மறு கையிற் குறுகிய தடித்த குச்சியும் கொண்டு அடிப்பர். தீயிற் காய்ச்சுதல் தோலை விறைப்பாக்கிக் குரலைத் தெளிவாக்குதற்கே. யாங்கள் அன்று முகஞ்சுளித்த புகை, வீணைக்கு நரம்பு முறுக்குவதை ஒத்த செயலின் புகையேயன்றி வேறன்று.

இத்தகைய கருவி இழிந்ததென எவ்வாறு கருதப்பட்டது? அதனை அடிப்போரை இழிந்தோர் என்று வைத்ததனாலேயே. ஊரில் ஒருவர் இறந்தாற் கூலியின்றியோ சிறு கூலிக்கோ வந்து பறை அடித்தே தீரவேண்டும் என்று ஒரு சாராரைக் கட்டாயப்படுத்தினர். பின்பு, சாவிற்கு அடிப்பது ஆதலின் தீட்டுடையது என்றனர். கட்டாயப்படுத்தியவர் கையிற் கறையில்லை. கட்டாயத்திற்கு ஆட்பட்டவர் கையிற் கறை படிந்ததாம்! இது பற்றியே ஒடுக்கப்பட்டோருட் பலர், “இனிப் பறையைத் தொடோம்” என்று சூளுரைத்து, அதனை வீசியெறிந்தனர். அவர்களது சினம் அறத்தொடு பட்டது. வேறு சிலர், 1990-களில் எழுந்த தலித் கலை விழாக்களில், “அடிமைத்தொழிலை விடுவோம்; கலையை விடோம்” என்று அதே பறையை விரும்பி ஏந்தினர். திண்டுக்கல்லில் ‘சக்தி’ கலைக்குழுவினரான பெண்கள், ஆடவர்க்கே உரியதாயிருந்த பறையைத் தாம் ஏந்தி ஆடினர். இவ்விரு சாராரும் தம்முள் மாறுபட்டார் போலத் தோன்றினும், வேண்டியது ஒன்றே. கட்டளையால் அடித்தல் அடிமைமை. விருப்பத்தால் அடித்தல் கலை. ஆயின், நம் கல்லூரி வாயிலில் அன்று முழங்கியது இவ்விரண்டனுள் எது? மேடையை விரும்பி வந்தாரை வாயிலுக்கு அனுப்பிய யாங்கள், விருப்பத்தைக் கட்டளையாக மாற்றினோம் என்றே அஞ்சுகின்றேன்.

நிற்க. திரைப்படம் அக்கதவைத் திறக்கவில்லையா என்று சிலர் வினவலாம். திறந்தது, எனினும் ஒருக்களித்தே திறந்தது. 1976-ஆம் ஆண்டில் ‘அன்னக்கிளி’ வெளிவந்தபோது, பண்ணைப்புரத்தினின்று வந்த இளையராசா சிற்றூர்ப் பாட்டின் மெட்டையும் மணத்தையும் தமிழ்நாடெங்கும் பரப்பினார். அவர்தம் தமையனார் பாவலர் வரதராசன் பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் ஊரூராய்ப் பாடியவர். தம்பியர் அவருடன் சென்று இசைத்துப் பயின்றனர். அங்ஙனம் தொடங்கிய ஒருவர், 2025-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் இலண்டன் மாநகரில் தாம் இயற்றிய சிம்பொனியை அரங்கேற்றினார். கிராமத்துச் செவி உலகத்தின் எவ்விசையையும் ஆளவல்லது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

1990-களிற் கானாவும் தேவாவின் இசையால் திரையுள் மிகுதியாக நுழைந்தது. கானா, வடசென்னையின் உழைப்பாளர் குடியிருப்புகளில் வளர்ந்த பாட்டு. இறந்தாரைக் கிடத்திய வீட்டின் முன் இரவெல்லாம் விழித்திருந்து, அவர் வாழ்ந்த வாழ்வையும் பட்ட பாட்டையும் எடுத்துப் பாடுவர். கருவி இல்லாவிடத்து மேசையும் பாத்திரமுமே தாளக்கருவியாகும். துயரத்தின் நடுவே நகையும், நகையின் நடுவே வாழ்க்கை நிலையாமையும் அதன்கண் கலந்து வரும். திரைப்படம் இக்கானாவினின்று துள்ளலையும் எள்ளலையும் பெரிதும் எடுத்துக்கொண்டது. துயரத்தையும் தெருவையும் பெரிதும் விட்டுவிட்டது. அடி உள்ளே வந்தது; அடித்தவர் வெளியே நின்றார். நம் மண்டபத்தில் நிகழ்ந்ததும் இதுவே.

அண்மையாண்டுகளில் அடித்தவரும் உள்ளே வரத் தொடங்கியுள்ளனர். 2018-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 6-ஆம் நாள் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்னும் இசைக்குழுவினர் முதன்முறையாக மேடையேறினர். திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித்தின் ஊக்கத்தாலும் இசையமைப்பாளர் தென்மாவின் முயற்சியாலும் உருவான குழு அது. கானாப் பாடகரும், பறை முதலிய கருவிகளை முழக்குவோரும், மேனாட்டுக் கிதார் பயின்றோரும், சொல்லடுக்கிப் பாடும் ‘ராப்’ இளைஞரும் அதன்கண் ஒருங்கு நின்றனர். ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழை 1907-இற் றொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர், சாதிபேதமற்ற மக்கள் என்று தம் மக்களைச் சுட்டிய வழக்கே இக்குழுவின் பெயர்க்கு ஊற்றாகும். இட ஒதுக்கீடு, மலக்குழியில் மனிதரை இறக்கும் கொடுமை, உணவின்பொருட்டுச் செய்யப்படும் இகழ்ச்சி ஆகியவற்றை அவர் பாடுபொருளாகக் கொண்டனர். அக்குழுவிற் பாடிய இசைவாணி என்னும் பெண்மணியை 2020-ஆம் ஆண்டில் உலகின் சிறந்த பெண்டிர் நூற்றுவருள் ஒருவராகப் பி.பி.சி. நிறுவனம் தேர்ந்தது. அவ்வாண்டு மார்கழி முதலாக, ‘மார்கழியில் மக்களிசை’ என்னும் விழாவும் தொடங்கிற்று. மார்கழி என்றால் கச்சேரி என்று வழங்கிய நகரில், அதே திங்களில் ஒப்பாரியும் கானாவும் பறையும் மேடையேறியது சிறு செய்தியன்று.

பாட்டு, அரசியல், அடையாளம் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக் கிடத்தலைக் காண விழைவார்க்கு, 2021-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் வெளிவந்த ‘எஞ்சாயி எஞ்சாமி’ என்னும் பாடல் தக்கதோர் எடுத்துக்காட்டாகும். சந்தோசு நாராயணன் இசையமைக்க, தீயும் அறிவும் பாடிய அப்பாடல் பல கோடி முறை கேட்கப்பட்டது. அறிவின் பாட்டியார் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, பின்னர்த் தமிழ்நாடு திரும்பியவர். 1964-ஆம் ஆண்டில் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி 5,25,000 மக்களை இந்தியா ஏற்பதென முடிவு செய்யப்பட்டது. காட்டைத் திருத்தித் தோட்டமாக்கியோர்க்கு அத்தோட்டத்திற் பிடிமண்ணும் உரிமையில்லை. மீண்டு வந்த நாட்டிலும் நிலமில்லை. இவ்வரலாறு நம் பாடநூல்களில் எத்தனை வரி பெற்றது? ஒரு பேரன் பாட்டியிடம் கேட்டதைப் பாட்டாக்கினான், அதன் பின்னரே பலர், “இவர் யாவர்? ஏன் சென்றார்? ஏன் திரும்பினார்?” என்று வினவத் தலைப்பட்டனர்.

ஆயின் கதை அங்கு முடியவில்லை. அதே ஆண்டு ஆகத்துத் திங்களில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ என்னும் இசையிதழ், இப்பாடலின் வெற்றியைக் குறிப்பிட்டுப் பாடகர் இருவர் படத்தை அட்டையில் வெளியிட்டது. பாட்டை எழுதிப் பாடிய அறிவின் படம் அதில் இல்லை. கண்டனம் எழுந்த பின்னரே அவர்க்கெனத் தனி அட்டை மின்பதிப்பில் வெளியாயிற்று. அடுத்த ஆண்டு சூலையிற் சென்னையிற் சதுரங்க ஒலிம்பியாட்டுத் தொடக்க விழாவில் அப்பாடல் ஒலித்தபோதும் அறிவு மேடையில் இல்லை. ஆக்கத்தின் உரிமை யாருக்கு எவ்வளவு என்பது பற்றிப் பாடலை ஆக்கியோரிடையே வெளிப்படையான வாதம் நிகழ்ந்தது. அவ்வாதத்தில் ஒவ்வொருவர் பங்கையும் அளந்து தீர்ப்புக் கூறுதல் என் நோக்கமன்று. இசையமைத்தவர் பங்கும் பாடியவர் பங்கும் சிறியன அல்ல. யான் சொல்லுவது இவ்வளவே: நிலமிழந்தோர் பாட்டிலேயே, எழுதியவன் எங்கே என்று தேட வேண்டிய நிலை நேர்ந்தது. பாட்டை உவந்து ஏற்பது எளிது. பாடினவரை ஏற்பதே அரிது. இஃது அவ்விதழ்க்கும் விழாவிற்கும் மட்டும் உரிய குற்றமா? எங்கள் தேர்வுக் குழுவும் இதனையே செய்யவில்லையா?

இனி, மறுப்போர் கூற்றுக்களை எடுத்துக்கொள்வோம். கானாவிற் பெண்டிரை இழித்துரைக்கும் பாட்டுக்கள் உள்ளன என்பது முதற் கூற்று. உள்ளன, அவற்றை யான் ஆதரியேன். ஆயின் அன்று மேடையில் ஒலித்த திரைப்பாட்டின் சொற்களை எங்கள் குழுவினர் ஒருவரேனும் படித்துப் பார்த்தோமா? இல்லை. கானாவிற்குச் சல்லடை, திரைப்பாட்டிற்குத் திறந்த கதவு என்பது நடுவுநிலையன்று. பறை பேரொலி உடையது என்பது இரண்டாவது கூற்று. அன்று வைத்திருந்த ஒலிபெருக்கிகளின் முன் எட்டுப் பறைகளும் அடங்கிப்போம். மேலும், தவிலின் ஒலி சிறிதோ? திருமணத்திற் கெட்டிமேளம் கேட்டு யாரேனும் செவி பொத்தியதுண்டோ? சாதியைப் பாடினாற் சாதி வளரும் என்பது மூன்றாவது கூற்று. மூன்றனுள்ளும் இதுவே நயமுடையதுபோலத் தோன்றுவது. நோயின் பெயரைச் சொல்லுதலால் நோய் வருவதில்லை, மறைத்தலாலேயே முற்றுகின்றது. சாதியைப் பாடுவோர் மேடையேறுமுன் நம் ஊர்களிற் சாதி இல்லாதிருந்ததென்று எவரேனும் நெஞ்சறியக் கூறுவரோ?

நம் போன்ற கல்லூரிகட்கு இப்பொருளிற் றனிக் கடமையும் உண்டு. தஞ்சை வேதநாயக சாத்திரியார் குறவஞ்சி முதலிய நாட்டு வடிவங்களைக் கிறித்தவப் பாட்டிற்கு ஆக்கிக்கொண்டார். மேனாட்டு ஞானப்பாட்டே வழிபாட்டிற்கு உரியதென்று கருதியவர் நடுவே, நம் மெட்டும் ஆலயத்திற்கு ஏலும் என்று காட்டியவர் அவர். அவர்க்குப் பல்லாண்டுகள் பின்னர், மதுரை இறையியற் கல்லூரியில் ஆசிரியராயிருந்த தியோபிலசு அப்பாவு, கருநாடக இசைக் கீர்த்தனையும் சிற்றூர்ச் சபையினர்க்கு அயலே என்று உணர்ந்து, கூலியாளரும் கூடிப் பாடத்தக்க நாட்டுப்புற மெட்டிலே வழிபாட்டுப் பாடல்களை அமைத்தார். ‘பரட்டை’ என்னும் பெயரால் அவரை மக்கள் அறிந்தனர். ஆலயத்துள்ளே செல்லத்தக்க பறை, கல்லூரி மண்டபத்துட் செல்லத் தகாததாகுமோ? அரசும் 2025-ஆம் ஆண்டிற் பறையிசைக் கலைஞர் மதுரை வேலு ஆசானுக்குப் பத்மசிறீ விருது அறிவித்தது. நாடு கைகூப்பி வரவேற்கும் கலையை நாம் வாயிலில் நிறுத்தினோம்!

மாணவ நண்பர்காள்! ஆசிரியப் பெருமக்காள்! பழைய மாணவர்காள்! கண்டித்துவிட்டு அமைதல் எளிது. ஆதலின், செய்யத்தக்கன சிலவற்றையும் கூறி முடிக்கின்றேன். அடுத்த கல்லூரி நாள் நிகழ்ச்சிநிரலிற் பறையிசைக்கும் கானாவிற்கும் இடமளிக்க வேண்டும். அஃது இறுதியில் ஒட்டவைத்த இடமாக இருத்தல் ஆகாது. பாடுவோர், இசைப்போர் பெயர்களை, நாட்டியமாடுவோர் பெயர்களை அச்சிடுவது போலவே, நிரலில் அச்சிட வேண்டும். எவ்வகைப் பாட்டாயினும் அதன் சொற்களை முன்னரே படித்து, ஒரே அளவுகோலால் அளத்தல் வேண்டும். பறை காய்ச்சுதற்கு மண்டபத்தின் பின்னே தீக்கு அஞ்சாத இடமொன்றை ஒதுக்கித் தருதல் வேண்டும். இவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. சிறிது மனமே வேண்டும்.

என்னை வினவிய மாணவர்க்கு ஒரு சொல். தம்பி, மேடையில் அடித்தது இரைச்சலாகத் தோன்றியதன் காரணம் பறையில் இல்லை. எங்கள் செவியிலேயே இருந்தது. உம் பறையைத் தீயிற் காய்ச்சி நீர் சுருதி சேர்த்துவிட்டீர். எங்கள் செவியே இன்னும் சுருதி சேரவில்லை. அன்று குழுவிற் பேசாதிருந்த குற்றத்திற்கு இவ்விதழின் வாயிலாகப் பொறுத்தருள வேண்டுகின்றேன். அடுத்த ஆண்டும் விண்ணப்பம் செய்க. குழுவில் யான் இருப்பேனாயின் இம்முறை வாய் திறப்பேன். இல்லேனாயின், முன் வரிசையில் ஓர் இருக்கையில் உம் பறை முழங்கும்வரை காத்திருப்பேன்.